முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்

ஆற்றின் அடியைப் பார்ப்பதுதான் ஜொய்சியின் வேலை. அதற்காக அவள் ஒருநாளும் படகில் ஏறியதில்லை. மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இயங்கிய சிறிய அளவை நிறுவனத்தில், இரண்டு பெரிய திரைகளுக்கு முன்னால் ஒன்பது வருடமாக இருந்து வந்தாள். படகில் போகிறவர்கள் சோனார் கருவியால் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது அடியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைப் பதிந்து வருவார்கள். ஒரு நாள் ஓட்டத்தில் கோடிக்கணக்கான புள்ளிகள் சேரும். மென்பொருள் அவற்றைக் கோர்த்து, தண்ணீரை முழுதாக வடித்துவிட்டதுபோல, அடித்தரையைத் திரையில் விரித்துக் காட்டும். ஆழம் குறைந்த இடம் சிவப்பு. பிறகு மஞ்சள், பச்சை. மிக ஆழமான இடம் கடும் நீலம். மீன் கூட்டம், நீர்க்குமிழி, பக்கத்தில் போன படகின் இரைச்சல் என்று பொய்யாக விழுந்த புள்ளிகளும் அதற்குள் கிடக்கும். அவற்றைத் தேடிப் பிடித்து அழிப்பது ஜொய்சியின் பொறுப்பு. அலுவலகத்தில் அதைச் சுத்தம் செய்வது என்பார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் மொன்றியல் தீவின் வடகரை ஆற்றைத் திரையில் திறந்தாள். அங்கே படகுத்துறை கட்ட எண்ணியிருந்த ஒரு கம்பனிக்காக இரண்டு இலையுதிர்காலங்கள் தொடர்ந்து ஒரே வளைவை அளந்திருந்தார்கள். இரண்டாம் முறை எடுத்த தரவு நவம்பரில் வந்தது. அவசர வேலைகள் முந்திக்கொண்டதால் நாலு மாதம் வரிசையில் கிடந்துவிட்டது.

வளைவின் வெளிப்பக்கம், கரைக்கு மிகக் கிட்ட, ஒரு நீலம் தெரிந்தது. முதலில் அவள் அதைப் பொய்ப் புள்ளிகள் என்று நினைத்தாள். சுட்டியால் வளைத்துப் பிடித்தும்விட்டாள். அழிக்கிற பொத்தானை அமுக்குவதற்கு முன் ஏதோ உறுத்த, படத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். பொய்ப் புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடக்கும். இவை அப்படிக் கிடக்கவில்லை. ஒன்றையொன்று ஒட்டி, ஒரு கிண்ணத்தின் சுவர்போல வளைந்து இறங்கின. ஆழம் பதினான்கு மீற்றர். கரைப்பக்கச் சுவர் சரிவாக இல்லாமல் நெட்டுக்குத்தாக நின்றது; ஓரிடத்தில் உள்பக்கமாகவும் குடைந்திருந்தது. கரை மேலே இருந்தது, அதன் கால் மட்டும் இல்லை.

முந்தைய வருட அளவைக்குப் பிறகு நிறுவனம் கொடுத்த வரைபடத்தில் அதே இடம் ஏழு மீற்றர் ஆழத்தில் சாதுவான பச்சைச் சரிவாகக் கிடந்தது.

ஜொய்சி வான்படத்தைத் தூக்கி மேலே போட்டாள். நீலக் குழிக்கு நேர் மேலே, கரையில், ஒரு நீண்ட புல்வெளி. அதில் பிள்ளைகள் துள்ளி விளையாடும் வட்ட வலை. ஆற்றோரமாகச் சின்ன வெள்ளைக் கெபி ஒன்று. அந்தத் தோட்டத்துக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. ஆனால் முகநூலில் அந்தக் கெபியைப் பலமுறை பார்த்திருக்கிறாள். மாதா சொரூபத்துக்காக அதைத் தன் கையால் கட்டியவன் யோசெப், அவளுடைய தங்கை ஜெனாட்டின் கணவன்.

சகோதரிகள் இருவரும் கதைத்து மூன்று வருடமாகியிருந்தது. ஜொய்சி கணவனை விட்டுப் பிரிந்தபோது ஜெனாட் அதை ஏற்கவில்லை. கோயிலில் நாலு பேர் கேட்டதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வெறுத்துப்போனது. அடுத்த வருடம் அம்மா மாரடைப்பில் போனா. செத்தவீட்டன்று பங்கு மண்டபத்தில், தேத்தண்ணிக் கோப்பைகளோடு சனம் நின்ற இடத்தில், "உன்ர கவலையிலதான் அம்மா போனவ" என்று ஜெனாட் சொன்னாள். ஜொய்சி கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினாள். ஜெனாட் குடும்பம் ஆற்றங்கரை வீட்டை வாங்கியது அதன் பிறகுதான்.

அன்று பின்னேரம் அவள் முந்தைய வருடத்தின் மூலத் தரவைத் தேடி எடுத்தாள். எதைச் சுத்தம் செய்தாலும் மென்பொருள் பழையதை முற்றாக எறிந்துவிடாது, மறைத்துத்தான் வைத்திருக்கும். மறைந்தவற்றைக் காட்டும்படி கேட்டாள். அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கொத்து எழும்பி வந்தது. ஆழம் பன்னிரண்டு மீற்றர். குழி அப்போதே இருந்தது. பக்கத்தில் பதிவு: ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றே கால், முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் நீக்கப்பட்டன. நீக்கியவர் பெயர் ஜொய்சி.

அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகத்தில் வரவே இல்லை. ஒரு வளைப்பு, ஒரு அமுக்கு. குழி போன இடத்தில் மென்பொருள் தானாக ஒரு சரிவை இட்டு நிரப்பியிருந்தது.

நிறுவனத்தின் முதலாளி அரியரத்தினம் அறுபது வயதைத் தாண்டிய பொறியியலாளர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"களிமண்," என்றார். "பழைய கடல் விட்டிட்டுப் போன களி. அமுக்கம் மாறாத வரைக்கும் கல்லு மாதிரி நிக்கும். ஒருக்கால் குலைஞ்சுதெண்டால் கூழ்."

"முதல் முறை வந்ததை நான் அழிச்சிட்டன், சேர்."

"பாத்தனான்."

"மேலை ஆக்கள் இருக்கினம். என்ர தங்கச்சி இருக்கிறாள்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஜொய்சி, இது அந்தக் கம்பனியின்ர தரவு. அவையளைக் கேக்காமல் நாங்கள் ஒருத்தருக்கும் காட்டேலாது. நான் இண்டைக்கே அவையளுக்கு எழுதுறன். பேந்து கரையைப் பாக்கிற அரசாங்க அலுவலகத்துக்கும் எழுதுவம். எங்கட பிழையையும் சேத்துத்தான்."

"எத்தினை நாள் எடுக்கும்?"

"அது என்ர கையில இல்லைப் பிள்ளை."

அவர் சொன்னபடியே இரண்டு இடத்துக்கும் எழுதினார். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரியில் பதிலும் வந்தது. அதோடு எல்லாம் நின்றுபோனது. ஜொய்சி நாலு நாள் பொறுத்தாள். சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு ஜெனாட்டின் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது ஜெனாட்டின் ஒன்பது வயது மகள் றொஷினி. பெரியம்மாவை அடையாளம் தெரிந்தும் தெரியாமலும், "பொன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஜெனாட் வந்தாள். கையில் வெள்ளைத் துணி. மே மாதம் கோயிலில் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை; அதற்கு உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன விசயம்?" அக்கா என்ற சொல் வரவில்லை.

வாசலில் நின்றபடியே ஜொய்சி சொன்னாள். ஆற்றின் அடியில் ஒரு குழி இருக்கிறது, அது உங்கள் தோட்டத்துக்குக் கீழே குடைந்துகொண்டு வருகிறது, வீட்டை விட்டுக் கொஞ்சக் காலம் வேறு இடத்தில் போய் இருங்கள் என்றாள். தன் கை பட்ட பிழையை மட்டும் சொல்லவில்லை.

ஜெனாட் சிரித்தாள். "மூண்டு வருசம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கேல்லை. இப்ப வந்து வீட்டை விட்டிட்டுப் போ எண்டுறாய். உனக்குக் கண் பொறுக்கேல்லை."

"ஜெனாட், நான் திரையில பாத்தனான்."

"நான் ஒவ்வொரு நாளும் ஜன்னலால பாக்கிறன். ஆறு அங்கதான் கிடக்குது. நான் இஞ்சதான் இருக்கிறன். பக்கத்து வீட்டு மனிசன் நாப்பது வருசமா இருக்குது. உன்ர வீடு குலைஞ்சதெண்டு என்ர வீட்டையும் குலைக்காதை."

கதவு சாத்தப்பட்டது. ஜொய்சி காருக்குத் திரும்பிக் கதவைத் திறந்தபோது வீட்டின் பக்கவழியால் யோசெப் வந்தான். மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன். பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"மச்சாள், எவ்வளவு கிட்ட வந்திட்டுது?"

அவள் கைத்தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டினாள். அவன் அதை நெடுநேரம் பார்த்தான். பிறகு அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனான். பனி அங்கங்கே உருகி, பழைய புல் சப்பளிந்து கிடந்தது. கெபிக்கு நாலு அடி இந்தப் பக்கம், புல்லுக்குள், விரல் நுழையும் அளவுக்கு ஒரு கோடு தோட்டத்தின் அகலத்துக்கு ஓடியது.

"போன ஒக்டோபரில ரண்டு பை மண் கொட்டி மூடினனான்," என்றான் யோசெப். "குளிருக்கு நிலம் வெடிச்சிருக்கெண்டு நினைச்சன். இப்ப திருப்பித் தெரியுது."

கெபி மெல்ல ஆற்றுப்பக்கம் சாய்ந்திருந்தது. உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிகிற சாய்வு.

"யோசெப், நீங்களாவது நான் சொல்லுறதை நம்புங்கோ."

"நான் நம்பிறன். ஜெனாட்டுக்குத்தான் பக்குவமாச் சொல்லவேணும். நான் பாக்கிறன், மச்சாள்."

மறுநாளே அவன் வெடிப்பின் இரு பக்கமும் இரண்டு இரும்புக் கம்பிகளை அடித்தான். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முன் அவற்றுக்கு இடையிலான தூரத்தை அளந்து, முதல் நாளைவிட எத்தனை சென்ரிமீற்றர் கூடியிருக்கிறது என்று ஜொய்சிக்கு வாட்சப்பில் அனுப்பினான். வேறு ஒரு சொல்லும் இராது, இலக்கம் மட்டும். ஒன்று. ஒன்றரை. இரண்டு. ஜொய்சி அலுவலகத்தில் கோப்பியை வைத்துக்கொண்டு அந்த இலக்கத்துக்காகக் காத்திருப்பாள்.

ஏப்ரலில் மழை பிடித்தது. வடக்கே மலைகளில் உருகிய பனியும் சேர்ந்து ஆறு ஏறியது. கரையோரத் தெருக்களில் மண்மூட்டை அடுக்கினார்கள். செய்திகளில் எல்லாம் தண்ணீர்தான். ஜொய்சி பொறுக்க முடியாமல், அரியரத்தினத்திடம் சொல்லாமல், கரையைப் பார்க்கிற அலுவலகத்துக்குத் தானே தொலைபேசி எடுத்தாள். அங்கிருந்த பெண் பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டாள், நிலத்தில் ஏதாவது பார்க்கக்கூடியதாக இருக்கிறதா என்று. ஒரு வெடிப்பு இருக்கிறது, மற்றதெல்லாம் தண்ணீருக்குக் கீழே என்றாள் ஜொய்சி. பதிந்துகொண்டார்கள். வெள்ளம் வடிந்ததும் ஆள் வரும் என்றார்கள்.

தண்ணீர் உயர்ந்து நின்ற பத்து நாளும் யோசெப்பின் இலக்கம் அசையவில்லை. இரண்டரை. இரண்டரை. இரண்டரை. ஒருநாள் இலக்கத்தோடு முதன்முதலாக ஒரு வசனமும் வந்தது: "நிண்டிட்டுது போல, மச்சாள்."

ஜொய்சி அதை அரியரத்தினத்திடம் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். "நிக்கேல்லை. தண்ணி தன்ர பாரத்தால கரையைத் தாங்கிக்கொண்டு நிக்குது. கரைக்குள்ளையும் தண்ணி ஊறிப்போய்க் கிடக்குது. வெளியில இறங்கேக்கை தாங்கிறதுக்கு ஒண்டும் இராது. இறங்கிற நாளிலதான் பயம்."

"இண்டையில இருந்து இறங்குது, சேர்."

அவர் எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்து, தனக்குத் தெரிந்த ஒரு அதிகாரியைக் கூப்பிட்டார். அந்த ஆள் லீவில் இருந்தார். வேறொருவரின் இலக்கம் கொடுத்தார்கள். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஜெனாட்டின் தெருவில் சனம் சந்தோசமாக இருந்தது. மண்மூட்டைகளை அகற்றினார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் முற்றத்தில் கதிரை போட்டு வெயில் காய்ந்தார். தண்ணீர் இறங்கிய முதல் நாள் யோசெப் நாலு என்று அனுப்பினான். இரண்டாம் நாள் ஒன்பது. மூன்றாம் நாள், வியாழக்கிழமை, வழக்கத்தைவிடப் பிந்தி, பதினொரு மணிக்கு வந்தது: பதினாறு.

அவள் உடனே எடுத்தாள். "இண்டைக்கே வெளிக்கிடுங்கோ. இப்பவே."

லொறி இரைச்சலுக்குள் அவன் குரல் கேட்டது. "நான் துறைமுகத்தில நிக்கிறன். இறக்கிப்போட்டு நேர வீட்டை போறன். ஜெனாட் இன்னும் சம்மதிக்கேல்லை, மச்சாள். நேற்றும் சண்டை."

"நான் போய்க் கதைக்கிறன்."

ஜெனாட் வேலை செய்த கார்டெரி என்கிற பிள்ளை பராமரிப்பு நிலையம் அவள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்தது. ஜொய்சி போனபோது பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் பின் பாயில் படுத்திருந்தார்கள். ஜெனாட் வெளியே நடைவழிக்கு வந்து, குரலை அடக்கிக்கொண்டு, "இஞ்சையும் வந்திட்டியோ?" என்றாள்.

"நான் உனக்கு ஒண்டு சொல்லாமல் விட்டிட்டன்," என்றாள் ஜொய்சி. "அந்தக் குழி முந்தின முறை அளக்கேக்கையே இருந்தது. கருவி அதைக் காட்டினது. நான்தான் பிழையான புள்ளியெண்டு நினைச்சு அழிச்சனான். முந்நூற்றுப் பன்னிரண்டு. சரியாப் பாக்காமல் அழிச்சனான். அழிக்காமல் விட்டிருந்தா நீங்கள் போன வருசமே வெளிக்கிட்டிருப்பியள். பிழை என்ரை, ஜெனாட்."

ஜெனாட் அவளையே பார்த்தாள். சின்ன வயதிலிருந்து இந்த அக்கா எதற்கும் தலை குனிந்ததில்லை. கணவனைப் பிரிந்தபோதும் ஒருவரிடமும் விளக்கம் சொன்னதில்லை. அம்மாவின் செத்தவீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டபோதும் வாய் திறந்ததில்லை.

"பொய்யெண்டால் நீ இதைச் சொல்லமாட்டாய்," என்றாள் கடைசியில். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "அக்கா, றொஷினியைப் பள்ளிக்கூடத்தில எடுப்பம்."

காருக்குள் இருந்து ஜெனாட் யோசெப்புக்கு எடுத்தாள். அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். ஓம், ஓம், பாஸ்போட்டுகளும் உடுப்பும் எடுத்துப் பையில் வைத்துவிட்டேன், பக்கத்து வீட்டு மனிதரையும் கூப்பிட்டு முன் தெருவுக்கு அனுப்பிவிட்டேன் என்றான். ஜெனாட்டின் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு இறுக்கம் தளர்ந்தது. "சரி, நீங்களும் முன்பக்கம் வந்து நில்லுங்கோ," என்றாள்.

றொஷினியை ஏற்றிக்கொண்டு அவர்கள் தெருவுக்குள் திரும்பியபோது கிழவர் நடைபாதையில் செருப்போடு நின்றார். பைகள் இரண்டு படியில் இருந்தன. யோசெப் இல்லை. றொஷினியைக் காருக்குள் இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் வீட்டுக்குள் ஓடினார்கள்.

குசினி ஜன்னலால் தெரிந்தான். வெடிப்புக்கு அந்தப் பக்கம், கெபிக்கு முன்னால் நின்று, மாதா சொரூபத்தை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினான். பாரம் போல, மெல்ல நடந்தான். ஜெனாட் பின்கதவைத் திறந்து, "விட்டிட்டு வாங்கோ! அதை விட்டிட்டு வாங்கோ!" என்று கத்தினாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். சிரித்த மாதிரிக்கூட இருந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு ஓசை மட்டும். புல்வெளி ஒரே துண்டாக, அவனோடும் துள்ளல் வலையோடும், மேசை இழுப்பறை நகர்வதுபோல ஆற்றுப்பக்கம் நகர்ந்தது. அவன் விழவில்லை. நின்றபடியே ஒரு ஆள் உயரம் கீழே போனான். இந்தப் பக்கம் கை நீட்டினான். பிறகு அந்தத் துண்டு நடுவில் உடைந்தது. உடைந்த இடமெல்லாம் மண்ணாக இல்லாமல் சாம்பல் நிறக் கூழாகி ஓடியது. ஜெனாட் படியில் இறங்கிவிட்டாள். ஜொய்சி பாய்ந்து அவளின் இடுப்பைக் கட்டிப்பிடித்து, இருவருமாகக் குசினித் தரையில் பின்பக்கமாக விழுந்தார்கள். ஜெனாட் அவளின் கையைக் கடித்தாள். ஜொய்சி விடவில்லை. பின்படிகள் மூன்றும் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. அதன்பிறகு முன்னால் வெளிச்சமான வெறும் வெளியும் கீழே கலங்கிய ஆறும் மட்டுமே இருந்தன.

தீயணைப்புப் படையும் பொலிசும் வந்தார்கள். அன்று பின்னேரமே இரு பக்கமும் ஏழு வீட்டுக்காரரை வெளியேற்றினார்கள். சுழியோடிகள் இறங்கினார்கள். ஆனால் அடித்தரை முழுவதும் மாறிப்போயிருந்தது. கலங்கல் தண்ணீரில் தங்கள் கையையே அவர்களால் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் பொலிசார் அரியரத்தினத்தின் படகைக் கேட்டார்கள். அவர் தானே அதில் ஏறிப்போனார். மத்தியானம் தரவு வந்து சேர்ந்தது.

"வேற ஆளைக்கொண்டு செய்விக்கலாம்," என்றார் ஜொய்சியிடம். "நீர் வீட்டை போம்."

"இல்லை, சேர். நானே செய்யிறன்."

ஜெனாட்டும் மகளும் அப்போது ஜொய்சியின் அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். தரவு வந்துவிட்டது என்று ஜொய்சி தொலைபேசியில் சொன்னதும் றொஷினியைக் கோயில் தோழி பிரியந்தியிடம் விட்டுவிட்டு ஜெனாட் அலுவலகத்துக்கு வந்தாள். ஒரு கதிரையை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டாள். வேண்டாம் என்று ஜொய்சி சொல்லிப் பார்த்தாள். அவள் எழும்பவில்லை.

திரையில் தோட்டம் இருந்தது. அதாவது, தோட்டமாக இருந்தது ஆற்றின் அடியில் விசிறிபோல விரிந்து கிடந்தது. ஜொய்சி ஒரு புள்ளியையும் அழிக்கவில்லை. ஒவ்வொரு கீற்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது மரம். இது வேலிக்கம்பி. இது கெபியின் கூரை. ஜெனாட் ஒவ்வொன்றுக்கும், "என்ன அது?" என்று கேட்டாள். ஜொய்சி சொன்னாள்.

நடுவில் ஜெனாட் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அப்ப நீ அதை அழிக்காட்டி அவர் இருந்திருப்பார், என்ன?"

"ஓம்," என்றாள் ஜொய்சி.

அடுத்த கீற்றைத் திருப்பினாள். நாலு மணியளவில், கரையிலிருந்து முப்பது மீற்றர் தள்ளி, பதினோரு மீற்றர் ஆழத்தில், வளைந்த வட்டம் ஒன்று தெரிந்தது. துள்ளல் வலையின் சட்டம். அதன் விளிம்புக்குக் கீழே, பாதி களியில் புதைந்து, நீளவாக்கில் ஒரு மேடு. ஒரு ஆளின் நீளம். ஜெனாட் இம்முறை என்ன அது என்று கேட்கவில்லை. விரலை நீட்டித் திரையைத் தொட்டாள்.

ஜொய்சி இடத்தின் இலக்கங்களை எழுதிக் கொடுத்தாள். அடுத்த நாள் காலை சுழியோடிகள் அந்த இடத்திலேயே யோசெப்பைக் கண்டெடுத்தார்கள்.

றொஷினியின் முதல் நன்மை மே மாதம் நடக்கவில்லை. ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொண்டாட்டம் எதுவுமில்லாமல், வேறு இரண்டு பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஆற்றங்கரை வீட்டை இடித்து அகற்றினார்கள். மரண விசாரணைக்கு ஜொய்சி ஆறு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை, மூன்றே கால், முந்நூற்றுப் பன்னிரண்டு எல்லாம் அதில் இருந்தன. வேலையை விடுகிறேன் என்று அவள் கொடுத்த கடிதத்தை அரியரத்தினம் வாங்கவில்லை. "நீர் போனா வாற ஆளும் இதே பிழையை விடும். இருந்து பாரும். இனி ஒருத்தர் அழிக்கிறதை இன்னொருத்தர் பாக்கவேணும்," என்றார். அவர் முகம் நோயாளி முகமாகிவிட்டிருந்தது.

ஜெனாட் அக்காவை மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே சட்டியில் சமைத்தார்கள். சில நாட்களில் ஜெனாட் காலையில் எழும்பிவந்து அவளோடு ஒரு சொல்லும் பேசாமல் வேலைக்குப் போவாள். சில நாட்களில் அவளே தேத்தண்ணி ஊற்றி வைப்பாள். ஜொய்சியின் கையில் பல் பட்ட அடையாளம் கறுத்து, மெல்ல மங்கியது.

ஆகஸ்டில் அந்த வளைவு முழுவதையும், ஆற்றோட்டத்தோடு கீழே இரண்டு கிலோமீற்றர் வரைக்கும், திரும்ப அளந்தார்கள். ஜொய்சி மூன்று நாள் இருந்து பார்த்தாள். நாலாம் நாள் காலையில், பழைய இடத்திலிருந்து எண்ணூறு மீற்றர் கீழே, வெளிக்கரையோடு ஒட்டி, மறுபடியும் நீலம். பதினைந்து மீற்றர். மேலே இருபத்திரண்டு வீடுகள் உள்ள ஒரு தெரு. ஐந்தில் நீச்சல் தடாகம் இருந்தது.

அரியரத்தினம் அரை மணித்தியாலத்தில் எல்லா இடத்துக்கும் எழுதினார், தொலைபேசியும் எடுத்தார். உடனே ஆள் வரும் என்று இம்முறை சொன்னார்கள். உடனே என்றால் நாளை மத்தியானம் என்றார்கள். இரண்டு நாளாகப் பெய்த மழை அன்று விடிய நின்றிருந்தது. ஆறு இறங்கிக்கொண்டிருந்தது.

ஜொய்சி காரின் திறப்பை எடுத்துக்கொண்டு ஜெனாட்டுக்கு அழைத்தாள். பின்னேரம் பிந்துவேன், றொஷினியை நீ எடு என்று சொல்வதற்காகத்தான். ஏன் என்று ஜெனாட் கேட்டாள். ஜொய்சி சொன்னாள்.

"என்னை வந்து ஏத்து," என்றாள் ஜெனாட்.

தெருவின் முதல் வீட்டில் மணி அடித்தபோது உயரமான ஒரு மனிதர் கதவைத் திறந்தார். அரைக்காற்சட்டை, கையில் இறைச்சி பிரட்டும் இடுக்கி. பின்னால் வீட்டைத் தாண்டித் தோட்டத்தில் தண்ணீரில் குதிக்கும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. ஜொய்சி படத்தை நீட்டி, நிறங்களை விளக்கத் தொடங்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். தன் வீடு கல்லில் நிற்கிறது, தகப்பன் காலத்தில் கட்டியது என்றார். நன்றி சொல்லிக் கதவைச் சாத்தப் போனார்.

ஜெனாட் கதவில் கையை வைத்தாள். அவளுடைய பிரெஞ்சு ஜொய்சியின் பிரெஞ்சைவிடத் தட்டுத்தடுமாறுவது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"மொன்சியூர், ஏப்ரலில் இந்த ஆற்றில் போன ஆள் என் கணவர். இவள் என் அக்கா. இவள் எனக்கும் வந்து சொன்னவள். நான் கதவைச் சாத்தினேன்."

மனிதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இடுக்கியைக் கதவடியில் இருந்த மேசையில் வைத்தார். பிறகு தலையைத் திருப்பி, தோட்டத்துப் பக்கம், எல்லாரும் தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள் என்று உரத்த குரலில் கூப்பிட்டார்.

அவர்கள் படியிறங்கி இரண்டாவது வீட்டுக்குப் போனார்கள்.